மே 21: ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த நினைவுநாள்

திருநின்றவூருக்குத் தெற்கே, இராமாநுசர் பிறந்த தலமாக நெடுங்காலம் அறியப்பட்ட ஸ்ரீபெரும்புதூரில், 1991 மே 21 இரவு தேர்தல் பொதுக்கூட்டத்துக்கு வந்த முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி தற்கொலைக் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டதன் நினைவாகவே, அந்நாள் இந்தியாவில் பயங்கரவாத எதிர்ப்பு நாளாக, அதாவது அரசு ஊழியர்கள் அலுவலகங்களில் கூடி வன்முறைக்கு எதிராக உறுதிமொழி ஏற்கும் நாளாக, கடைப்பிடிக்கப்படுகிறது. அவ்விடத்தில் எழுந்த நினைவகத்தைக் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் 2003இல் திறந்துவைத்தார். ஐக்கிய நாடுகள் அவை 2017இல் அறிவித்த ஆகஸ்ட் 21, பயங்கரவாதத்துக்குப் பலியானோர் நினைவு நாள் எனப் பலியானோரைத் தன் பெயரிலேயே தாங்கியிருக்க, இந்திய நாளின் பெயரோ எதிர்ப்பை மட்டுமே சொல்வதால், அன்றிரவு ராஜீவுடன் மடிந்த காவலர்களும் தொண்டர்களும் பொது நினைவில் பெரிதும் பின்தங்கிவிட்டனர் என்பது வேதனைக்குரியது.