கொழுந்து பறித்தலும் ஓர் ஆங்கில வினைச்சொல்லும்

ஹட்டன் நகருக்கு அணித்தேயுள்ள டிக்கோயாவில், காலைப் பனி முற்றாக விலகுமுன்னரே மலைகளில் ஆள் நிறைந்துவிடும். இடையிலே படங்கு கட்டி, கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டிய பெண்கள் நிரை பிடித்து நிற்பர். அவர்கள் செய்யும் தொழிலைத் தோட்ட அலுவலகத்துப் பதிவேடு ‘பிளக்’ என்னும் ஒரே ஆங்கில வினைச்சொல்லால் குறிக்கின்றது. தமிழிலோ அதனைக் கொழுந்து பறித்தல் என்பர். கொழுந்தெடுத்தல், கொழுந்து கிள்ளுதல், கொழுந்தாய்தல் எனவும் வழங்குவர். ஒரே செயலுக்கு இரு மொழிகள் இட்ட பெயர்களை ஒப்பிட்டு நோக்கினால், சொற்களின் வரலாற்றோடு அத்தொழிலைச் செய்த மக்களின் வரலாறும் புலப்படும்.

‘பிளக்’ என்னும் சொல் ஆங்கிலத்தில் மிகப் பழையது. பழைய ஆங்கிலத்தில் அது ‘புளொக்கியன்’ என்ற வடிவில் வழங்கிற்று. டச்சு மொழியின் ‘புளுக்கன்’, ஜெர்மன் மொழியின் ‘ஃப்ளுக்கன்’ ஆகியன அதன் உறவுச் சொற்கள். இவற்றிற்கெல்லாம் மூலம் இலத்தீனிலே மயிரைக் குறிக்கும் ‘பிலுஸ்’ என்ற சொல்லாக இருக்கலாம் என்பது மொழியறிஞர் பலரின் கருத்து. மயிரைப் பிடுங்குதல் என்ற பொருள் நாளடைவில் இறகு பிடுங்குதல், கனி பறித்தல் என விரிந்திருக்கக்கூடும். இத்தாலிய மொழியில் இன்றும் ‘பிலுக்காரே’ என்பதற்குத் திராட்சைக் குலையிலிருந்து பழத்தை ஒவ்வொன்றாகக் கொய்தல் என்பது பொருள்.

இலக்கியத்தில் இச்சொல் பல வேடம் பூண்டு வருகின்றது. ஷேக்ஸ்பியரின் ‘ஆறாம் ஹென்றி’ முதற் பாகத்தில், பகைத்து நிற்கும் பிரபுக்கள் சோலையிலே சிவப்பு ரோஜாவையும் வெள்ளை ரோஜாவையும் கொய்து கட்சி பிரிகின்ற காட்சியில் இவ்வினையே பயில்கின்றது. 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில், சீடர்கள் கதிர் கொய்வதும், இடறலாகும் கண்ணைப் பிடுங்குவதும், நெருப்பிலிருந்து கொள்ளியை எடுத்துக் காப்பதும் ஆகிய மூன்றும் ‘பிளக்’ என்ற ஒரே சொல்லால் கூறப்பட்டுள்ளன. தமிழ் விவிலியத்திலோ முதலாவதற்குக் கொய்தல், இரண்டாவதற்குப் பிடுங்குதல், மூன்றாவதற்குத் தப்புவித்தல் என மூன்று வேறு வினைகளைக் காணலாம். ஆங்கிலம் கையின் அசைவை மட்டும் நோக்கிப் பெயரிட்டது. தமிழ் அச்செயலின் நோக்கத்தையும் விளைவையும் கருதிப் பெயரிட்டது.

வினை பெயராகவும் மாறிற்று. அறுத்த விலங்கின் உடலிலிருந்து ஒருசேர இழுத்தெடுக்கப்படும் இதயம், ஈரல், நுரையீரல் ஆகியவற்றை ஆங்கிலேய இறைச்சிக் கடைக்காரர் ‘பிளக்’ என்றனர். தமிழர் அதனை ஈரற்குலை என்பர். பதினெட்டாம் நூற்றாண்டில் குத்துச்சண்டைக் களங்களின் பேச்சிலே அப்பெயர் துணிச்சலைக் குறிக்கலாயிற்று. 1785இல் பிரான்சிஸ் குரோஸ் வெளியிட்ட கொச்சைமொழி அகராதியில் அப்பொருள் இடம்பெற்றுள்ளது. அஞ்சியவனின் ஈரற்குலை நடுங்கிற்று எனத் தமிழர் கூறுவதும், அஞ்சாதவனுக்கு ஈரற்குலை உண்டு என ஆங்கிலேயர் கூறியதும் ஒன்றையொன்று ஒட்டிய எண்ணங்களே. மாணாக்கர் அறியத்தக்க இன்னொரு பொருளும் உண்டு. முற்காலத்து ஆங்கிலப் பல்கலைக்கழகங்களில் தேர்வில் தவறியவனை ‘பிளக்’ செய்யப்பட்டவன் என்றனர். பட்டமளிப்பின்போது, மாணவனிடம் கடன் வரவேண்டியிருந்த கடைக்காரன் அதிகாரியின் அங்கியைப் பற்றியிழுத்துத் தடை சொல்லலாம் என்றிருந்த வழக்கமே இதற்குக் காரணம் எனச் சொல்லப்படுகின்றது.

இச்சொல் டிக்கோயாவுக்கு வந்தது தேயிலையோடுதான். அதற்கு முன்னர் இம்மலைகளில் விளைந்தது கோப்பி. கோப்பிப் பழம் பறிப்பதற்குத் துரைமார் ‘பிக்’ என்னும் வேறொரு வினையை வழங்கினர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. 1867இலேயே லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்த ஜேம்ஸ் டெய்லரின் வழியை மற்றையோரும் பின்பற்றினர். 1884இல் ரயில் பாதை ஹட்டனை எட்டிற்று. கோப்பிக்கு ஆண்டில் ஒரு பருவமே அறுவடை. அப்பருவத்துக்கு வந்து மீளும் தொழிலாளர் அதற்குப் போதும். தேயிலையோ ஏறக்குறைய வாரத்துக்கொரு முறை, ஆண்டு முழுவதும் கொழுந்து தரும். ஆகவே திருச்சி, மதுரை, சேலம், இராமநாதபுரம் முதலிய பகுதிகளிலிருந்து வந்தோர் குடும்பங்களோடு லயங்களில் நிலையாகத் தங்கவேண்டியதாயிற்று. ‘பிக்’ என்ற வினை ‘பிளக்’ ஆனபோது, வந்து சென்ற கூட்டம் ஒரு சமூகமாயிற்று.

கொழுந்தெடுப்பது வெறும் இழுப்பன்று. இளந்தளிரில் இரண்டு இலையும் ஓர் அரும்பும் மட்டும் வரவேண்டும். முற்றிய இலை கலந்தால் தேயிலையின் தரம் கெடும். கீழே அளவுக்கு மீறி எடுத்தால் செடி தளரும். விரல்கள் விரைந்து செல்லும்போதே கண் தளிரைத் தெரிந்து கொள்ளும். ஆய்தல் என்ற தமிழ் வினைக்குப் பறித்தல் என்பதோடு தெரிந்தெடுத்தல் என்ற பொருளும் உண்டு. ஆராய்ச்சி என்ற சொல்லும் அதனோடு உறவுடையதே. அவ்வகையில் கொழுந்தாய்தல் என்பதே இத்தொழிலுக்கு மிகப் பொருத்தமான பெயர் எனலாம். ஆயினும் கொழுந்து மடுவத்தில் அளக்கப்பட்டது கண்ணின் தேர்ச்சியன்று, கூடையின் நிறையே. குறித்த நிறை வராவிடின் அரைப் பேர்தான். பேர் என்பது தோட்ட வழக்கில் ஒரு நாட் கூலி.

துரைமார் தமிழ் கற்ற முறையும் வினைச்சொற்களைப் பற்றியதே. புதிதாக வரும் சின்னத்துரைமாருக்கென ஏ. எம். பெர்கியூசன் வெளியிட்ட தமிழ்க் கையேட்டின் தலைப்பு ‘இங்கே வா’ என்பதாகும். தமிழில் வா, வாரும், வாருங்கள் என மதிப்புக்கேற்ற வடிவங்கள் உண்டு. அவற்றுள் மதிப்பு மிகக் குறைந்த ஏவலே துரைமார் கற்க வேண்டிய தமிழின் அடையாளமாக அட்டையில் நின்றது. கொழுந்தெடுத்தவரின் முதுமையும் தாய்மையும் அவ்வேவலில் இடம்பெறவில்லை.

இனி, பறித்தல் என்ற தமிழ் வினைக்கே ஓர் இருண்ட பொருளும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதி, கொய்தல் என்ற பொருளோடு வலிந்து கவர்தல் என்ற பொருளையும் அதற்குத் தருகின்றது. வழிப்பறி என்ற சொல் யாவரும் அறிந்தது. 1947இல் நடந்த பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசைச் சேர்ந்த எழுவர் நாடாளுமன்றம் சென்றனர். தலவாக்கலைப் பகுதியின் தோட்டத்தில் பிறந்து, பின்னர் தொழிலாளரின் வாழ்வை ஆங்கிலத்திலேயே பாடிய சி. வி. வேலுப்பிள்ளையும் அவர்களுள் ஒருவர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் இம்மக்களுள் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. 1952இல் நடந்த தேர்தலில் அவர்கள் சார்பில் ஒருவரும் தெரிவாகவில்லை. கொழுந்து பறித்தவர்களின் குடியுரிமை பறிக்கப்பட்டது என மலையகத்தார் கூறும்போது, ஒரே வினை இரு பொருளிலும் நிற்கின்றது.

1964 அக்டோபர் 30இல் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை 9,75,000 பேரின் கதியைப் பற்றியது. 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் எனப் பிரிக்கப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். இந்தியா சென்றோருட் பலர், தாயகம் திரும்பியோருக்கென 1968 முதல் தமிழ்நாட்டரசு நீலகிரியில் அமைத்த தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கொழுந்துக் கூடையையே சுமந்தனர். இலங்கையில் எஞ்சியோரின் நாடற்ற நிலையைப் போக்க 1988இல் ஒரு சட்டமும், 2003இல் 35ஆம் இலக்கச் சட்டமும் நிறைவேறின. இழந்த உரிமை சட்டப்படி முற்றாகத் திரும்புவதற்கு அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று.

‘பிளக்’ என்ற ஆங்கில வினைக்கு யாழின் நரம்பை விரலால் தெறித்து இசை எழுப்புதல் என்ற பொருளும் உண்டு. அதனைத் தமிழர் மீட்டுதல் என்பர். இழந்ததைத் திரும்பக் கொள்வதும் தமிழில் மீட்டலே. ஆங்கிலத்தின் அந்த ஒரு சொல்லுக்குள் பறித்தலும் உண்டு, மீட்டலும் உண்டு, துணிவும் உண்டு. டிக்கோயாவின் மலைகளில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்தெடுத்தவர்கள் இம்மூன்றையும் தங்கள் வாழ்விலே கண்டவர்கள். பதிவேட்டின் ஒற்றை வினைச்சொல்லைப் படிப்போர், அதன் எழுவாயாக நிற்கும் அம்மக்களையும் சேர்த்துப் படித்தல் வேண்டும்.