நுரையீரலைக் காத்த மலிவு மாத்திரை

நியூமோசிஸ்டிஸ் என்னும் பூஞ்சை திடமான உடலில் பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவரின் நுரையீரலிலோ உயிர்குடிக்கும் நிமோனியாவை உண்டாக்கும். 1909இல் பிரேசிலில் இதைக் கண்ட கார்லோஸ் சாகாஸ், தாம் ஆராய்ந்துவந்த வேறோர் ஒட்டுண்ணியின் பருவம் என்றே எண்ணினார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பிய அனாதை இல்லங்களில் ஊட்டமற்ற பச்சிளங்குழந்தைகள் பலர் இதற்கு இரையாயினர்.

1970களில் ரத்தப் புற்றுநோய்க்கான சிகிச்சை மேம்பட்டபோது புதிய சிக்கல் எழுந்தது. புற்றுநோய் அடங்கிய சிறுவர்களும் இந்த நிமோனியாவால் இறந்தார்கள். அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் செயின்ட் ஜூட் மருத்துவமனையின் வால்டர் ஹியூஸ், கோட்ரைமாக்சசோல் மருந்தை முதலில் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சிறுநீர்த் தொற்றுக்கு ஏற்கெனவே பயன்பட்டுவந்த மலிவான மருந்து அது. கிருமி ஃபோலேட் என்னும் வைட்டமினைத் தயாரிக்கும் பாதையை இரண்டு இடங்களில் அடைக்கும். பிறகு 160 சிறுவர்களிடம் சோதனை நடந்தது. முடிவு 1977இல் வெளியாயிற்று: வெற்று மாத்திரை உண்ட 80 பேரில் 17 பேருக்கு நோய் வந்தது, மருந்துண்ட 80 பேரில் ஒருவருக்கும் வரவில்லை. மருத்துவச் சோதனைகளில் இத்தனை தெளிவான தீர்ப்பு அரிது.

1981 ஜூனில் லாஸ் ஏஞ்சலிஸில் ஐந்து இளைஞர்களிடம் இதே நிமோனியா தென்பட்டதாக அறிக்கை வந்தது. எய்ட்ஸ் பற்றிய முதல் அறிவிப்பு அதுதான். தடுப்பு மருந்து கையில் இருந்தும் அது பொது நடைமுறையாகவில்லை. எய்ட்ஸ் நோயாளிகள் பலருக்கு கோட்ரைமாக்சசோலில் உள்ள சல்ஃபா மருந்தால் தடிப்பும் காய்ச்சலும் கண்டது உண்மை. ஆனால், அவர்களிடமே சோதித்த சான்று வேண்டும் என்ற அதிகாரிகளின் பிடிவாதமும் தாமதத்துக்குக் காரணம். நியூயார்க்கில் ஜோசப் சோனபெண்ட் போன்ற மருத்துவர்கள் காத்திராமல் கொடுத்துவந்தார்கள். அவரிடம் சிகிச்சை பெற்ற மைக்கேல் காலன் 1987இல் அமெரிக்க அரசின் தொற்றுநோய் ஆய்வு நிறுவன இயக்குநர் அந்தோணி ஃபௌச்சியை நேரில் சந்தித்து வழிகாட்டுதல் வெளியிடக் கேட்டார், பலனில்லை.

1988இல் வெளியான ஆய்வில் மருந்தில்லாத 30 எய்ட்ஸ் நோயாளிகளில் 16 பேருக்கு நிமோனியா வந்தது. மறு ஆண்டு அமெரிக்க அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது: சிடி4 எனப்படும் நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை 200க்குக் கீழ் இறங்கினால் தடுப்பு மருந்து தரவேண்டும். மெம்ஃபிஸ் முடிவு வெளிவந்து அப்போது 12 ஆண்டுகள் ஆகியிருந்தன. சல்ஃபா ஒவ்வாதவர்களுக்கு பென்டமிடின் ஆவியும் டாப்சோனும் மாற்றாயின.

எய்ட்ஸ் கிருமியை அடக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தபின் ஆயுள் முழுதும் தடுப்பு மருந்து உண்ணும் தேவை பலருக்கு நீங்கியது. சிடி4 எண்ணிக்கை மூன்று மாதத்துக்கு மேல் 200ஐத் தாண்டி நின்றால் இப்போது தடுப்பு மருந்தை நிறுத்திவிடலாம்.