ஜமாபந்தியும் ஒரு கம்ப்யூட்டர் சோதனையும்

ஒரு கணக்கை ஒருமுறை நகல் எடுப்பது சுலபம். மாறிக்கொண்டே இருக்கும் கணக்குக்கு நகல் வைத்திருப்பதுதான் கஷ்டம். தினமும் முழுசாகத் திரும்ப எழுத யாருக்கும் நேரம் கிடையாது. மாறியதை மட்டும்தான் எழுத முடியும். வங்கிகளும் கம்ப்யூட்டர்களும் இப்போது செய்யும் இந்த வேலையைக் கம்பம் பள்ளத்தாக்கின் நிலக் கணக்கு ரொம்ப காலமாகவே செய்து வருகிறது!

1895-ல் பெரியாறு அணை திறந்தது. இன்று பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் நிலம் என்பது கணக்கு. எந்த வயலில் எந்தப் போகம் என்ன பயிர் என்பதை அடங்கல் சொல்லும். வயல் யாருடையது, எவ்வளவு பரப்பு, நஞ்சையா புஞ்சையா என்பதை 'அ' பதிவேடு சொல்லும். இந்தப் பதிவேடு கிராமத்தில் ஒன்று, தாலுகா அலுவலகத்தில் ஒன்று என இரண்டு இடத்தில் இருக்கும்.

அண்ணன் தம்பி பாகம் பிரித்தால் என்ன ஆகும்? சர்வே எண் 45 என்பது 45/1, 45/2 ஆகும். இரண்டாவது துண்டு மறுபடி பிரிந்தால் 45/2ஏ, 45/2பி. மற்ற வயல்களின் எண்கள் அப்படியே நிற்கும். எண்ணைப் பார்த்தாலே எதிலிருந்து எது பிரிந்தது என்று பின்னால் போய்விடலாம். அழகான ஏற்பாடு.

சரி, இரண்டு நகலும் ஒன்றுதானா என்று யார் பார்ப்பது? அதற்குத்தான் ஜமாபந்தி. வருவாய்த்துறையின் பசலி ஆண்டு ஜூலை 1-ல் தொடங்கும் (ஆங்கில வருடத்திலிருந்து 590-ஐக் கழித்தால் பசலி வரும்). அது முடிகிற சமயத்தில் உத்தமபாளையம், போடி என ஒவ்வொரு தாலுகா அலுவலகத்துக்கும் கிராமக் கணக்குகள் வரும். மேலதிகாரி உட்கார்ந்து சரிபார்ப்பார். நிலம் அளக்கும் சங்கிலியைக்கூட வாங்கிப் பார்ப்பார்கள். சங்கிலியே தவறென்றால் கணக்கு எப்படிச் சரியாகும்?

இதே யோசனையோடு 2001-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜெஃப் பான்விக்கும் மேத்யூ ஆரன்ஸும் இசட்.எஃப்.எஸ். என்ற ஃபைல் சிஸ்டத்தை எழுதத் தொடங்கினார்கள். அது 2005-ல் வெளியானது. அதில் பழைய தகவலின் மேல் புதியதை எழுதுவதில்லை. வேறு இடத்தில் எழுதிவிட்டு முகவரியை மட்டும் மாற்றுவார்கள். அதனால் நேற்றைய நிலையை 'ஸ்னாப்ஷாட்'டாக அப்படியே நிறுத்திவைக்கலாம். ஒவ்வொரு துண்டுக்கும் பிறந்த எண் உண்டு. நேற்றைய ஸ்னாப்ஷாட்டுக்குப் பின் பிறந்தவற்றை மட்டும் இன்னொரு கம்ப்யூட்டருக்கு அனுப்பினால் அங்கே இன்றைய நகல் தயார்.

ஆனால் 2015, 2016-ல் ஒரு பிழை வெளிப்பட்டது. ஒரு ஃபைலின் நடுவே தகவலை அழித்தால் அங்கே வெற்றிடம் வரும். சில சமயங்களில் அந்த வெற்றிடத்தின் பிறந்த எண் தவறாகக் குறிக்கப்பட்டது. அதனால் அது அனுப்பப்படவே இல்லை. மூலத்தில் அழிந்த தகவல் நகலில் உயிரோடு இருந்தது! அனுப்பியது எல்லாம் ஒழுங்காகவே போய்ச் சேர்ந்ததால் 'வெற்றி' என்றுதான் திரையில் வந்தது. இரண்டு பக்கத்து ஃபைல்களையும் முழுசாக ஒத்துப்பார்த்தவர்களுக்குத்தான் வித்தியாசம் தெரிந்தது.

நிலக் கணக்கிலும் சிக்கல் அதே இடத்தில்தான். வாங்கியவன் பெயரைச் சேர்க்க வாங்கியவனே அலைவான். விற்றவன் பெயரை, இறந்தவர் பெயரை நீக்க யார் அலைவார்கள்?

இது பெரிதாக வெடித்தது 1979 முதல் 1987 வரை தமிழகம் முழுவதும் நடந்த நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்தில். மக்கள் இன்றும் 'யூ.டி.ஆர்.' என்றே சொல்கிறார்கள். மாறியதை மட்டும் எழுதிய காலம் போய், பதிவேட்டையே புதிதாக எழுதினார்கள். அதன் நடுவில், 1980 நவம்பரில், எம்.ஜி.ஆர். அரசு கர்ணம், மணியம் பதவிகளை ஒரே அவசரச் சட்டத்தில் ஒழித்தது. பரம்பரைப் பதவி ஒழிய வேண்டியதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் எந்த வயல் யாருடையது என்று ஏட்டைப் பார்க்காமலே சொல்லக்கூடியவர்களும் அவர்களோடு போனார்கள். பிறகு கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். புதிய பதிவேட்டில் சில இடங்களில் பங்காளியின் பெயர் விடுபட்டது, சில இடங்களில் பரப்பு குறைந்தது. கிராமத்து நகலும் தாலுகா நகலும் ஒன்றுபோலவே இருந்தால், அந்தத் தவறு ஜமாபந்தியில் எப்படித் தெரியும்? இரண்டும் ஒரே தவறைச் சொல்லும்!

இசட்.எஃப்.எஸ்.-க்கு எளிய தீர்வு கிடைத்தது. வெற்றிடங்களின் பிறந்த எண்ணை நம்பாமல் எல்லாவற்றையும் மறுபடி அனுப்பிவிடும்படி அமைப்பை மாற்றினார்கள். நிலத்துக்கு அப்படி ஒரு பொத்தான் இல்லை. யூ.டி.ஆர். தவறைத் திருத்தச் சொல்லும் மனுக்கள் இன்னும் வருவாய் அலுவலகங்களுக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. அவற்றோடு இணைக்கப்படுவது மூன்றாவது நகல். பழைய பட்டா, பழைய கிரயப் பத்திரம், கிஸ்தி கட்டிய ரசீது என்று யாரோ ஒரு தாத்தா டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்தவை.