இன்வர்னஸ் உறுப்பினரும் கொழும்பு மகஜரும்

நாய் வளர்த்தால் வருடத்துக்கு ஒரு ஷில்லிங். துவக்கு வைத்திருந்தால் இரண்டரை ஷில்லிங். கடை நடத்தினால் ஒரு பவுண். நாயும் இல்லை, துவக்கும் இல்லை, கடையும் இல்லை என்றாலும் தப்ப வழியில்லை. வயது வந்த ஆண் என்றால் வருடத்தில் ஆறு நாள் தெருவேலைக்கு வர வேண்டும். வராவிட்டால் மூன்று ஷில்லிங் கட்ட வேண்டும். 1848இல் இலங்கைத் தேசாதிபதி டொரிங்டன் பிரபு கொண்டுவந்த வரிகள் இவை.

1847 மே மாதம் கொழும்பில் வந்திறங்கியபோது டொரிங்டனுக்கு வயது 34. நாடாண்ட அனுபவம் என்று சொல்ல எதுவுமில்லை. பிரித்தானியப் பிரதமர் ஜோன் ரசல் பிரபு அவருக்கு உறவு முறை என்பதை மட்டும் குறிப்பிடலாம். வந்த நேரமும் கெட்ட நேரம். கோப்பி விலை விழுந்து தோட்டங்கள் கைமாறிக்கொண்டிருந்தன, திறைசேரி வற்றியிருந்தது. அந்த நிலையில் கோப்பி ஏற்றுமதித் தீர்வையை நீக்கித் துரைமாரின் சுமையைக் குறைத்தார் தேசாதிபதி. அதே ஆண்டில் கிராமத்தானின் வாசலில் நாயை எண்ண ஆள் அனுப்பினார்.

இதைக் கேட்கக் கொழும்பில் யாருக்கு உரிமை இருந்தது? 1833இல் அமைந்த சட்ட நிரூபண சபையில் 15 ஆசனங்கள். ஒன்பது அரசாங்க உத்தியோகத்தருக்குப் போய்விட்டன. மிச்சம் ஆறில் ஐரோப்பியருக்கு மூன்று. சிங்களவர், தமிழர், பறங்கியர் ஆளுக்கொன்று. அந்த ஆறு பேரையும் நியமித்தவர் தேசாதிபதிதான். வாக்கு என்ற ஒன்றையே இந்தத் தீவு அறிந்திராத காலம்.

எனவே குரல் பத்திரிகையிலிருந்து வந்தது. ‘கொழும்பு ஒப்சேர்வர்’ ஆசிரியர் கிறிஸ்டோபர் எலியட், தொழிலால் வைத்தியர், பிறப்பால் அயர்லாந்துக்காரர். 1848 ஜூலை 3ஆம் திகதி அவருடைய பத்திரிகையில் ‘ஆங்கிலேயன்’ என்ற பெயரில் ஒரு கடிதம் வெளிவந்தது. வரி கட்டுகிறவனைக் கேட்காமல் வரி போடுவது அநியாயம், கூட்டம் கூடுங்கள், மகஜர் எழுதுங்கள் என்பதுதான் அதன் சாரம். சிங்களத்தில் பெயர்க்கப்பட்டு அது ஊர் ஊராகப் போனது. அந்த வருடம் பெப்ரவரியில் பாரிஸ் மக்கள் தங்கள் அரசரைத் துரத்தியிருந்தார்கள். ஏப்ரலில் லண்டனிலேயே சார்ட்டிஸ்ட் இயக்கத்தார் வாக்குரிமை கேட்டுப் பெருங்கூட்டமாகத் திரண்டார்கள். இந்தப் பின்னணியில் ஒரு மகஜர்க் கடிதமும் அதிகாரிகளின் கண்ணுக்கு வெடிமருந்தாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

ஜூலை 26இல் கொழும்பில் பெருந்தொகை மக்கள் முறையிடத் திரண்டார்கள். அது பெருங்கலகமாகாமல் அடங்கியது. அதே நாட்களில் தம்புள்ளையில் கலகக்காரர்கள் கொங்காலேகொட பண்டாவை அரசனாக முடிசூட்டினார்கள். ஜூலை 29இல் கண்டியில் இராணுவச் சட்டம். கலகத் தலைவர்களில் ஒருவரான புரன் அப்பு ஆகஸ்ட் 8இல் சுட்டுக் கொல்லப்பட்டார். இராணுவ நீதிமன்றத் தீர்ப்பில் மாத்திரம் 18 பேர் மாண்டார்கள். அரச படையில் ஒரு சிப்பாயும் இறக்கவில்லை. கலகம் சில நாட்களிலேயே ஓய்ந்தும், இராணுவச் சட்டம் ஒக்டோபர் 10 வரை நீடித்தது. பின்னால் லண்டனில் எழுந்த கேள்விகளில் பாதி இந்த இடைவெளியிலிருந்து பிறந்தவை.

சுயெஸ் கால்வாய் இல்லை, தந்தி இல்லை. எகிப்தின் தரைவழியே போகும் தபால் லண்டன் சேர ஆறு வாரமளவு எடுத்தது. மகஜரும் கடிதங்களும் ‘ஒப்சேர்வர்’ பிரதிகளும் அப்படித்தான் போயின. அங்கே மக்கிறிஸ்டி என்ற வழக்கறிஞர் இலங்கை மனுதாரர்களின் முகவராக நின்றார். ஆனால் பொதுமக்கள் சபையில் பேச முகவருக்கு இடமில்லை. ஓர் உறுப்பினர் எழும்ப வேண்டும். கொழும்புக்கு ஏது உறுப்பினர்?

இரண்டு பேர் எழும்பினார்கள். இருவரும் பின்வரிசை, இருவரும் ஸ்கொட்லாந்துத் தொகுதிக்காரர், ஆனால் அரசியலில் எதிரெதிர்த் துருவங்கள். ஹென்றி ஜேம்ஸ் பெய்லி வடக்கே இன்வர்னஸ் மாவட்டத்தின் டோரி உறுப்பினர், டிஸ்ரேலிக்கு நெருக்கமானவர். மொன்ட்ரோஸ் உறுப்பினர் ஜோசப் ஹியூம் பழைய தீவிர சீர்திருத்தவாதி. இளமையில் வங்காளத்தில் கிழக்கிந்தியக் கம்பனியின் சத்திரசிகிச்சை வைத்தியர். அரசாங்கக் கணக்கில் ஒரு பென்னி பிசகினாலும் எழும்பி நிற்பவர் என்று பேரெடுத்தவர். 1831இல் பெரிய சீர்திருத்தச் சட்டமூலம் விவாதத்தில் இருந்தபோது, குடியேற்ற நாடுகளுக்கும் பொதுமக்கள் சபையில் ஆசனம் கொடுங்கள், இந்தியாவுக்கு நான்கு, எல்லாமாகப் பத்தொன்பது என்று திருத்தம் கொண்டுவந்தவர் இதே ஹியூம். சபை அதைச் சட்டை செய்யவில்லை. பதினெட்டு வருடம் கழித்து, ஆசனமில்லாத ஒரு தீவின் மகஜர் அவர் கைக்கே வந்து சேர்ந்தது.

பெய்லிக்கு இலங்கை மேல் தனிப்பாசம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. விக் அரசாங்கத்தையும் குடியேற்ற நாட்டு அமைச்சர் கிரே பிரபுவையும் அடிக்க அவர் கட்சிக்கு ஒரு தடி தேவைப்பட்டது. அவர் 1849 பெப்ரவரி 20இல் கொண்டுவந்த பிரேரணையே இலங்கையையும் தென்னமெரிக்காவின் பிரித்தானிய கயானாவையும் ஒரே மூட்டையில் கட்டியிருந்தது. இன்வர்னஸ் மேய்ச்சல்காரர் எவரும் கண்டியைப் பற்றிக் கேட்டு அவருக்கு வாக்களித்திருக்கவும் மாட்டார். கடன் வாங்கிய குரலுக்கு எப்போதும் இந்தக் குறை உண்டு: கடன் கொடுத்தவருக்கு வேறு வேலை வந்தால் குரலும் போய்விடும்.

இங்கே நம் காலத்துக்கு ஒரு நடை வந்து போகலாம். 2007 ஜூன் 7ஆம் திகதி கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை, புறக்கோட்டை லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்களைப் பொலிஸார் எழுப்பி பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். அரசாங்கக் கணக்கில் 376 பேர். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உயர் நீதிமன்றம் போய் மறுநாளே இடைக்காலத் தடை வாங்கியது. பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார். அதற்கு ஒரு மாதம் முன்னர், மே 2இல், லண்டன் பொதுமக்கள் சபை இலங்கை நிலைமையை விவாதித்திருந்தது. பெய்லியின் காலத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் எளிமையானது. வெள்ளவத்தையில் பயந்துபோன தாய்க்கு லண்டன் மிச்சம் பகுதியில் ஒரு மகனோ ஹரோவில் ஒரு மருமகளோ இருந்தார்கள்; அவர்களுக்கு வாக்கு இருந்தது. தொகுதி அலுவலகத்துக்குப் போய், அம்மா கொழும்பில் இருக்கிறா என்று சொன்னால் உறுப்பினர் குறிப்பெடுத்துத்தான் ஆக வேண்டும். மிச்சம்-மோர்டன் உறுப்பினர் ஷிவோன் மக்டொனா போன்ற பின்வரிசைக்காரர்கள் தமிழர் விடயத்தை விடாமல் எழுப்பியதற்கு மனிதாபிமானத்தோடு இந்தத் தேர்தல் கணக்கும் காரணம். அதில் குறையொன்றுமில்லை; பிரதிநிதித்துவம் என்பதே அந்தக் கணக்குத்தானே. 2024இல் ஸ்ட்ராட்ஃபர்ட்-போ தொகுதியில் இலங்கைத் தமிழ்க் குடும்பத்தின் மகளான உமா குமரனே வென்று பின்வரிசையில் அமர்ந்தது அடுத்த படி.

1849க்கு வருவோம். அந்தப் பிரேரணையின்படி பெய்லி தலைமையில் தெரிவுக்குழு கூடியது. ஆயிரக்கணக்கான கேள்விகள், நாட்கணக்கில் சாட்சியம், எல்லாம் அச்சில். அதில் ஆட்களை உலுக்கியது ஒரு பிக்குவின் கதை. குடாபொல தேரர் 1848 ஆகஸ்ட் 26இல் கண்டியில் காவியுடையோடு சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் குற்றமற்றவர் என்று கண்டி ப்ரொக்டர்மார் நம்புவதாகச் சொல்லி, தண்டனையைத் தள்ளிப்போடும்படி இராணி வழக்கறிஞர் செல்பி முதல்நாள் கேட்டிருந்தார். இந்த ஊர் ப்ரொக்டர்மார் அத்தனை பேரும் சொன்னாலும் நாளைக் காலை அவன் சுடப்படுவான் என்று தேசாதிபதி பதிலளித்ததாகக் குழுவின் முன் சாட்சியம் வந்தது. டொரிங்டனின் பெயர் அதற்குப் பிறகு எழும்பவேயில்லை.

மற்றது கப்டன் வட்சன் விவகாரம். மாத்தளையில் படை நடத்திய அவர், ஒளித்தவர்களின் சொத்து விபரத்தை மறைப்போரைக் கொல்வதாகச் சிங்களத்தில் பிரகடனம் ஒட்டினார் என்பது குற்றச்சாட்டு. கையெழுத்துப் பொய் என்றார் வட்சன். விசாரிக்க மதராஸ் சிவில் சேவையிலிருந்து இருவர் இலங்கைக்கு வந்தார்கள். கையெழுத்து அவருடையதே என்று முடிவு சொன்னார்கள். குழுவுக்குள் இன்னொரு கூத்து. குடியேற்றச் செயலாளர் எமர்சன் டெனன்ட், அதிகாரி வுட்ஹவுஸ், தேசாதிபதி மூவரும் ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்கும் அந்தரங்கக் கடிதங்கள் மேசைக்கு வந்தன. கிராமத்தான் நாய் வரியைப் பற்றி எழுதியது, துரைமாரின் வீட்டுச் சண்டையில் போய் முடிந்தது.

அரசாங்கம் விவாதம் வரும்வரை காத்திருக்கவில்லை. 1850 ஒக்டோபரில் டொரிங்டன் கொழும்பை விட்டுப் போய்விட்டார். பெய்லியின் கண்டனப் பிரேரணை 1851 மே மாத இறுதியில்தான் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 202, எதிர்ப்பு 282. தோல்வி. ஆனால் அந்த நேரத்தில் தேசாதிபதி போயிருந்தார், டெனன்டும் வுட்ஹவுஸும் இலங்கையிலிருந்து விலக்கப்பட்டிருந்தார்கள், நாய், துவக்கு, கடை வரிகள் கைவிடப்பட்டிருந்தன. தெருவேலைச் சட்டம் மாத்திரம் அசையவில்லை. துரைமாருக்குக் கோப்பி இறக்கத் தெரு வேண்டுமே.

லண்டன் வழியைக் கொழும்பு மறக்கவில்லை. 1883 ஈஸ்டர் ஞாயிறில் கொட்டாஞ்சேனையில் பௌத்த பெரஹெரா கத்தோலிக்கரால் தாக்கப்பட்டபோது, பௌத்தர்களின் முறையீட்டை எடுத்துக்கொண்டு பிரம்மஞான சபைத் தலைவர் கேணல் ஒல்கொட் அடுத்த வருடம் லண்டன் போனார். அவர் தட்டியது பாராளுமன்றக் கதவையல்ல, குடியேற்ற நாட்டு அலுவலகத்தின் கதவை. குற்றவாளிகள் தண்டிக்கப்படவில்லை, 1885 முதல் வெசாக் விடுமுறை கிடைத்தது.

டொரிங்டன் பின்னர் விக்டோரியா இராணியின் அரண்மனைச் சேவைக்குத் திரும்பினார். வுட்ஹவுஸ் ஹொண்டூராஸ், கயானா, கேப், பம்பாய் என்று ஏறிக்கொண்டே போனார். டெனன்ட் 1859இல் இலங்கை பற்றி இரண்டு பாகப் பெருநூல் வெளியிட்டார். இன்றும் ஆய்வாளர் மேசையில் அது இருக்கிறது. பெய்லி 1858இல் இந்திய விவகாரத் துணை அமைச்சரானார். இராஜத்துரோகி என்று உத்தியோக வட்டாரம் கரித்துக்கொட்டிய எலியட்டை அதே 1858இல் இலங்கை அரசாங்கமே அழைத்து, புதிதாக அமைத்த சிவில் வைத்தியத் திணைக்களத்தின் முதல் தலைவராக்கியது. ஒரு வருடந்தான் அவர் அந்தக் கதிரையில் இருந்தார், 1859இல் காலமானார். ‘ஒப்சேர்வர்’ அவருடைய உதவியாளராக இருந்த ஏ. எம். பெர்குசன் கைக்கு மாறியது.