புளியரை இறக்கமும் பிரேக் ஆயிலும்

1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரிலும் பின் திருவிதாங்கூர்-கொச்சியிலுமாக இருந்த செங்கோட்டைக்கு ஆரியங்காவுக் கணவாய்தான் மேற்கு வாசல். 1904-இல் மலையைக் குடைந்து ரயில் வந்தது. சாலையில் பின்னாளில் லாரியும் பிக்கப்பும் ஏறின.

பிக்கப் போன்ற வண்டிகளை நிறுத்துவது ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக். அதை நான்கு சக்கரத்துக்கும் 1921-லேயே கொடுத்தது அமெரிக்காவின் டியூசன்பெர்க் கார். சென்னையில் பிரேக் தயாரிக்கும் பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் தொடங்கியது 1962-இல்.

கணவாயிலிருந்து செங்கோட்டைப் பக்கம் இறங்கும் புளியரை இறக்கம் பழைய பிக்கப்பின் பிரேக்கைச் சோதித்துவிடும். பெடல் மெத்தென்று அமுங்கி, பம்ப் அடித்ததும் கெட்டிப்பட்டால் பெரும்பாலும் லைனில் ஏர். மிதித்தபடியே வைத்திருக்க மெல்ல இறங்கினால் எங்கோ கசிவு, இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் தேய்ந்திருக்கும். பலரும் மறப்பது ஆயிலைத்தான். அது காற்றின் ஈரத்தைக் குடிக்கும். புதிய டாட் 3 ஆயில் 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரமேறினால் அந்த வரம்பு 140 டிகிரிதான். கொதித்தால் ஆவிக்குமிழ், பெடலில் பிடிப்பே இராது.

மலையேறுமுன் ஆயிலை மாற்றி ஏர் எடுத்துவிடுங்கள். இறக்கத்தில் கியரைக் குறையுங்கள்.