கார் டிக்கியில் நாமே ஷெல்ஃப் செய்யலாமா? பலகையைவிட முக்கியமான விஷயம் ஒண்ணு இருக்கு!

ஊருக்குக் கிளம்பும் நாளில் கார் டிக்கியைத் திறந்து பாருங்கள். ஒரு பக்கம் அரிசி மூட்டை, அதுக்கு மேல துணிப்பை, அடியில் நசுங்கிப்போன பிஸ்கட் பாக்கெட். வழியில் பஞ்சர் ஆனால் ஸ்டெப்னியை எடுக்க மொத்தத்தையும் ரோட்டில் இறக்க வேண்டும். இதனால்தான் பலரும் பிளைவுட்டில் ஒரு ஷெல்ஃப் அடித்து டிக்கியில் வைத்துக்கொள்கிறார்கள். கீழே பெரிய சாமான், மேலே சின்னச் சாமான். சுலபமான வேலைதான், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். ஆனால் அது நகராமல் நிற்குமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

"இவ்ளோ வெயிட்டா இருக்கே, எங்க போயிடப் போகுது?"

பலரும் நினைப்பது இப்படித்தான். கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. மணிக்கு 50 கிலோமீட்டர் என்றால் நொடிக்குச் சுமார் 14 மீட்டர். அந்த வேகத்தில் போகும் கார் எதன் மீதாவது மோதி அரை மீட்டர் தூரத்துக்குள் நின்றால், உள்ளே கட்டாமல் கிடக்கும் பொருளைத் தடுத்து நிறுத்த அதன் எடையைப் போல ஏறக்குறைய 20 மடங்கு விசை தேவை. அதாவது 5 கிலோ டூல் பாக்ஸ் 100 கிலோ சுமையாக பின்சீட்டை முட்டும். ஷெல்ஃபே 7, 8 கிலோ இருக்கும். வெயிட்டா இருப்பது பாதுகாப்பு இல்லை, அதுதான் ஆபத்தே.

செடானில் டிக்கி தனி அறை என்பதால் ஓரளவு பரவாயில்லை. ஹேட்ச்பேக், எஸ்யூவி, 7 சீட்டர் கார்களில் டிக்கிக்கும் பயணிகளுக்கும் நடுவே பின்சீட்டின் முதுகு மட்டும்தான். மேலே மூடும் பார்சல் ட்ரே சாமானை மறைக்கும், தடுக்காது. அதனால் ஷெல்ஃபும் அதன் மேல் அடுக்கும் பொருளும் சேர்ந்து பின்சீட்டு முதுகின் உயரத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பின்பக்கக் கண்ணாடியும் மறையும்.

அளவு எடுக்கும்போது கவனம்

அதிகம் பேர் கோட்டை விடுவது இங்கேதான். டிக்கியின் உள் அகலத்தை மட்டும் அளந்து செய்தால், கடைசியில் ஷெல்ஃப் வாசல் வழியாக உள்ளே நுழையாது. மூன்று இடத்தில் அளக்க வேண்டும்: டிக்கி வாசல், இரண்டு சக்கர மேட்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி, பிறகு மேல்தட்டு வரும் உயரத்தில் உள்ள ஆழம். ஹேட்ச்பேக்கில் பின்கதவு உள்பக்கமாகச் சரிந்து வரும், பின்சீட்டும் சாய்ந்திருக்கும். தரையில் இருக்கும் ஆழம் மேலே இருக்காது. பழைய அட்டைப்பெட்டியை வெட்டி ஒரு மாதிரி செய்து, உள்ளே வைத்து, கதவை மூடிப் பார்த்துவிட்டு மரக்கடைக்குப் போவது நல்லது.

12 மில்லிமீட்டர் பிளைவுட் போதும். 18 போட்டால் அதே ஷெல்ஃபின் எடை ஒன்றரை மடங்காகும். எம்டிஎஃப் பலகை வேண்டாம், ஈரக் குடையை ஒருமுறை வைத்தாலே ஓரம் உப்பிவிடும். கடையில் எம்ஆர், பிடபிள்யூபி என இரண்டு ரகம் சொல்வார்கள். எம்ஆர் லேசான ஈரத்தைத் தாங்கும், பிடபிள்யூபி தண்ணீரையே தாங்கும். மீனும் காய்கறியும் ஏற்றும் வண்டி என்றால் இரண்டாவதுதான் சரி.

90 சென்டிமீட்டர் அகலம், 50 ஆழம், 25 உயரம் என்று வைத்துக்கொள்வோம். மேலே ஒரு பலகை, இரண்டு பக்கமும் கால் பலகை, நடுவில் இன்னொன்று. அந்த நடுப்பலகை இல்லையென்றால் மேல்தட்டு நாளடைவில் தொய்யும். பிறகு முதுகுப் பலகை. இதைப் பின்சீட்டுப் பக்கம்தான் அடிக்க வேண்டும், ஏனென்றால் பிரேக் போட்டால் சாமான் பாய்வது அந்தத் திசையில்தான். டிக்கி கதவுப் பக்கம் திறந்திருக்கட்டும். மேல்தட்டைச் சுற்றி 4, 5 சென்டிமீட்டர் உயரத்துக்குச் சட்டம் அடித்தால், மலைப்பாதையில் ஏறும்போது பாட்டில் உருண்டு வராது.

பிளைவுட்டின் ஓரத்தில் நேரடியாக ஸ்க்ரூ ஏற்றினால் பிளந்துவிடும். முதலில் மெல்லிய துளை போட்டு, பசை தடவி, பிறகு முடுக்க வேண்டும். மூலைகளை உப்புத்தாளால் தேய்த்து மழுக்கிவிடுங்கள்.

பிடிமானம்தான் எல்லாமே

சில கார்களின் டிக்கி தரையில் இரும்பு வளையங்கள் இருக்கும், மேட்டைத் தூக்கிப் பாருங்கள். இருந்தால் ஷெல்ஃபின் கால் பலகையில் வளைய போல்ட் மாட்டி, ராட்செட் பெல்ட்டால் வளையத்தோடு இழுத்துக் கட்டலாம். பைக்கில் கட்டும் ரப்பர் கயிறு இதற்கு ஆகாது. அது நீளும், அந்த நீளத்துக்கு ஷெல்ஃப் முன்னே ஓடும்.

வளையமே இல்லாத கார் என்றால்? தரையில் துளை போட்டு போல்ட் அடிக்கும் யோசனை வேண்டவே வேண்டாம். அடியில் பெட்ரோல் டேங்க், பைப், வயர் எல்லாம் போகும். ஷெல்ஃபைப் பின்சீட்டு முதுகோடு இடைவெளியே இல்லாமல் ஒட்டி நிற்கும்படி செய்வதுதான் அடுத்த வழி. 10 சென்டிமீட்டர் இடைவெளி இருந்தாலும் அது வேகமெடுத்து வந்து இடிக்கும். அடியில் ரப்பர் மேட், கனமான சாமான் எல்லாம் கீழ்த்தட்டில். பின்சீட்டில் ஆள் இல்லாதபோது சீட் பெல்ட்டுகளை மாட்டி வைத்தால் சீட் முதுகுக்குக் கொஞ்சம் கூடுதல் பிடிமானம் கிடைக்கும். இது பெல்ட் கட்டுவதற்கு ஈடாகாது. அதனால் மேலே துணி, தலையணை மாதிரி லேசான பொருளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

யாருக்கு இது சரிவராது?

டிக்கியில் சிஎன்ஜி சிலிண்டர் இருப்பவர்கள் அதைச் சுற்றிப் பலகை அடைக்கக் கூடாது. அவசரத்தில் வால்வைக் கையால் மூட முடிய வேண்டும், 3 ஆண்டுக்கு ஒருமுறை சோதனைக்குச் சிலிண்டரைக் கழற்றவும் வேண்டும். சிலிண்டரின் இரும்புச் சட்டத்தில் எதையும் கட்டக் கூடாது. குழந்தைகள் சீட்டின் மேல் பட்டை பின்சீட்டு முதுகின் பின்னால் மாட்டப்படும் கார்களில், அந்த இடத்தை முதுகுப் பலகை மறைக்கக் கூடாது.

ஆர்டிஓ பிரச்சினை வருமா என்ற சந்தேகமும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு, ஆர்சி புத்தகத்தில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கழற்றி எடுக்கக்கூடிய ஷெல்ஃப் அந்த விவரங்கள் எதையும் மாற்றுவதில்லை. ஆனால் இடம் போதவில்லை என்று பின்சீட்டையே கழற்றிப் பெரிய ஷெல்ஃப் போட்டால் கதை வேறு. சீட் எண்ணிக்கை ஆர்சியில் இருக்கிறது.

எல்லாம் முடிந்ததும் ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஷெல்ஃபைக் கழற்ற ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆனால் பெல்ட் கட்டிய விதத்தை மாற்றுங்கள். பிறகு ஆள் நடமாட்டம் இல்லாத காலி மைதானத்தில், மேல்தட்டில் தண்ணீர் பாட்டில்களோடு 20, 30 வேகத்தில் போய் அழுத்தமாக பிரேக் போடுங்கள். இறங்கிப் பார்க்கும்போது ஷெல்ஃப் ஒரு விரல் அளவு நகர்ந்திருந்தாலும் பெல்ட்டை இன்னும் இறுக்க வேண்டும். முதல் நீண்ட பயணத்தில் டீ குடிக்க நிறுத்தும் இடத்தில் இன்னொரு தடவை பாருங்கள். புது பெல்ட் அதற்குள் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.