மறைந்திருந்த கட்டியைக் காட்டிய ஒளி

ஒரு நோய்க்கு இடப்பட்ட பெயரே அந்நோயைப் பற்றிய பிழையான எண்ணத்தை வளர்த்ததும் மருத்துவ வரலாற்றில் உண்டு. 1907ஆம் ஆண்டில், ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் கூடிய நோய்க்கூற்றியல் அறிஞர்களின் அவையில், மியூனிக் நகரத்து மருத்துவர் சீக்பிரீட் ஓபர்ண்டார்பர் சிறுகுடலில் தாம் கண்ட சில சிறு கட்டிகளைப் பற்றி உரையாற்றினார். அவற்றுக்குக் ‘கார்சினாய்டு’ என்று அவர் பெயரிட்டார். ‘புற்றுநோய் போன்றது’ என்பது அதன் பொருள். போன்றது எனவே, புற்றுநோய் அன்று என்பது பெறப்பட்டது. இக்கட்டிகள் தீங்கற்றவை என்றே அவரும் கருதினார். 1929ஆம் ஆண்டில், இவை பிற உறுப்புகளுக்குப் பரவவும் கூடும் என்று அவரே தம் கருத்தைத் திருத்தினார். ஆயினும் பெயர் நிலைத்துவிட்டது.

குடல், கணையம், நுரையீரல் முதலிய உறுப்புகளில், நரம்பின் தன்மையும் சுரப்பியின் தன்மையும் ஒருங்கே வாய்ந்த உயிரணுக்கள் சிதறிக் கிடக்கின்றன. அவற்றில் தோன்றுபவையே நரம்புச் சுரப்பிக் கட்டிகள். இவற்றுட் பல மெல்ல வளர்வன. சில, இயக்குநீரை மிகுதியாகச் சுரந்து முகச் சிவப்பையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். வேறு நோய்களிலும் இவ்வறிகுறிகள் காணப்படுவதால், உண்மை வெளிப்படுமுன் ஆண்டுகள் பல கழிந்துவிடுவதுண்டு. 1970களில் பரவிய கணினிவழிக் குறுக்குவெட்டுப் படமும் கட்டியின் உருவத்தையே காட்டவல்லது. குடல் மடிப்பில் ஒளிந்த சிறு கட்டி அதற்கும் தப்பிவிடும். ஆகவே, கட்டியின் உருவத்தை விடுத்து இயல்பைப் பற்றித் தேடும் வழி தேவைப்பட்டது.

அவ்வழி எதிர்பாராத இடத்தில் பிறந்தது. 1973ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் சால்க் ஆய்வுக்கழகத்தில், ரோஜர் கில்லெமின் குழுவினர் ஆட்டின் மூளைப்பகுதியிலிருந்து ‘சொமட்டோஸ்டேட்டின்’ என்னும் இயக்குநீரைப் பிரித்தெடுத்தனர். பிற சுரப்புகளை அடக்கும் இப்பொருள் 14 அமினோ அமிலங்களால் ஆயது. குருதியில் சில நிமிடங்களே நிலைப்பது. 1982ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் நிறுவன ஆய்வாளர்கள், 8 அமினோ அமிலங்களே கொண்டு நீண்டு நிலைக்கும் ‘ஆக்டிரியோடைடு’ என்பதனை ஆக்கி அளித்தனர். நரம்புச் சுரப்பிக் கட்டிகள் பலவற்றின் மேற்பரப்பில் இப்பொருளைப் பற்றும் ஏற்பிகள் மிகுதியாக இருப்பது கண்டறியப்பட்டது. பூட்டு கட்டியில் இருந்தது. திறவுகோல் கைக்கு வந்தது. திறவுகோலில் ஒரு விளக்கை ஏற்றுவதே எஞ்சிய பணி.

நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் கிரென்னிங், லாம்பர்ட்ஸ் முதலியோர் அதனைச் செய்தனர். கதிரியக்க அயோடின்-123 இணைத்த மருந்தை நோயாளரின் குருதியில் செலுத்தி, காமா கேமராவால் படமெடுத்து, 1989ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். அம்மருந்து ஈரல் வழியாகக் குடலில் கழிந்தமையால் வயிற்றுப் பகுதி தெளிவாகத் தெரியவில்லை. எனவே, சிறுநீர் வழியாகக் கழியும் இண்டியம்-111 சேர்ந்த மருந்து அதன் இடத்தைப் பெற்றது. 1993ஆம் ஆண்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளரிடம் பெற்ற பட்டறிவை அக்குழுவினர் வெளியிட்டனர். மறு ஆண்டே அமெரிக்காவும் அம்மருந்துக்கு ஒப்புதல் வழங்கியது.

அடுத்த முன்னேற்றம் காலியம்-68. இதன் அரை ஆயுள் 68 நிமிடமே. ஆயினும் 271 நாள் அரை ஆயுளுடைய ஜெர்மேனியம்-68இலிருந்து இதனை மருத்துவமனையிலேயே கறந்துகொள்ளலாம். பாசிட்ரான் படமுறை இதனைக் கொண்டு முந்தைய படங்களில் புலப்படாத சிறு கட்டிகளையும் காட்டியது. மருந்து செலுத்திய ஒரு மணி நேர அளவில் படம் எடுக்க முடிந்தது. 2016ஆம் ஆண்டில் அமெரிக்கா இதற்கும் ஒப்புதல் அளித்தது. அதே திறவுகோலில் லுட்டீசியம்-177ஐ ஏற்றினால், காட்டும் ஒளியே கட்டியைச் சுடும் கனலாகின்றது. இச்சிகிச்சை 2017இல் ஐரோப்பாவிலும் 2018இல் அமெரிக்காவிலும் ஏற்கப்பட்டது.

இவ்வொளிக்கும் எல்லை உண்டு. விரைந்து வளரும் கொடிய கட்டிகள் பல ஏற்பிகளை இழந்துவிடுகின்றன. அவற்றைக் காண, கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரைப் பொருளை நாடவேண்டியுள்ளது. ஒரு படத்தில் ஒன்றும் தெரியவில்லை என்பதனால் நோயே இல்லை என்று முடிவு கட்டலாகாது.

யூதராகிய ஓபர்ண்டார்பர் 1933ஆம் ஆண்டில் நாசி ஆட்சியின் காரணமாகத் தாயகம் துறந்து, இஸ்தான்புல் பல்கலைக்கழகத்தில் கற்பித்து, 1944இல் அங்கேயே மறைந்தார். தாம் பெயரிட்ட கட்டி உயிருள்ள உடலில் ஒளிர்வதைக் காண அவருக்கு வாய்ப்பில்லை. எனினும் தாம் சொன்னதைத் தாமே திருத்திய அவ்வறிஞரின் நேர்மையும், தேடலின் வழியையே மாற்றிய பின்னோரின் முயற்சியும் சேர்ந்தே நோயாளர் பலருக்கு வாழ்நாளை நீட்டித் தந்துள்ளன.